குழந்தைகளின் உடல் பருமன்: வரியா, கறுப்பு முத்திரையா, பள்ளிச் சாப்பாடா?

பிள்ளைகளின் உடல் பருமனைக் குறைக்க வேண்டும் என்று ஓர் அரசாங்கம் முடிவெடுத்தால், அதன் முன்னால் இருக்கிற வழிகள் ஐந்துதான். இனிப்புப் பானத்துக்கு வரி போடலாம். பாக்கெட்டின் முகப்பில் எச்சரிக்கை அச்சடிக்கச் சொல்லலாம். பள்ளியில் பிள்ளைகள் சாப்பிடுவதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். நகராட்சி ஆட்களை வீடு வீடாக அனுப்பலாம். அதுவும் இல்லையென்றால், குண்டாக இருக்கிற பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு ஓடச் சொல்லலாம். ஐந்தையும் ஏதாவது ஒரு நாடு செய்து பார்த்துவிட்டது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்த்துவிட்டே நாம் பேசலாம்.

இப்போது என்ன அவசரம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2025 செப்டம்பரில் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம், பருமன் உள்ளவர்கள் 9.4 சதவீதம். பருமன் முந்தியது இதுதான் முதல் தடவை. இந்தியாவில் நிலைமை இன்னும் சிக்கல். ஐந்து வயதுக்குக் கீழே எடை கூடிய குழந்தைகள் 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 2.1 சதவீதம், அடுத்த கணக்கெடுப்பில் (2019-21) 3.4. சின்ன எண்தான். ஆனால் அதே கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் 35.5 சதவீதம். ஒரே தெருவில் இரண்டு பிரச்சினையும் குடியிருக்கின்றன. சாப்பாட்டைக் குறை என்று மட்டும் சொல்கிற எந்த வழியும் இங்கே ஆகாது.

ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வேலையை யார் தலையில் கட்டுகிறார்கள்? தயாரிக்கிற கம்பெனி தலையிலா, பள்ளியின் தலையிலா, அம்மா தலையிலா, பிள்ளை தலையிலா? இதைப் பார்த்தாலே அந்தத் திட்டத்தின் பாதிக் கதை தெரிந்துவிடுகிறது.

பிள்ளை தலையில் கட்டிய வழியிலிருந்து ஆரம்பிக்கலாம். சிங்கப்பூரில் இப்போது முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்களுக்கு ‘டாஃப்’ என்ற பெயர் மறந்திருக்காது. ‘டிரிம் அண்ட் ஃபிட்’ என்று 1992இல் கல்வி அமைச்சு கொண்டுவந்த திட்டம். எடை கூடிய மாணவர்களைப் பிரித்தெடுத்து, இடைவேளையிலோ பள்ளி தொடங்கும் முன்போ கூடுதலாக உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். கூட்டாளிகள் கேண்டீனில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இவர்கள் திடலைச் சுற்றி ஓடுவார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் திட்டம் தோற்கவில்லை: 1992இல் 14 சதவீதமாக இருந்த எடை கூடிய மாணவர்கள் 2002இல் 9.8 சதவீதம். இதைச் சொல்லாமல் டாஃபைத் திட்டுவது நியாயமில்லை. ஆனால் யார் குண்டு என்று பள்ளியே பட்டியல் போட்டு ஊருக்குக் காட்டியது போல ஆகிவிட்டது. கேலி, கூச்சம், சாப்பாட்டைக் கண்டாலே பயம் என்று புகார்கள் வந்தபடி இருந்தன. 2007இல் அதைக் கைவிட்டு, எல்லா மாணவர்களுக்கும் பொதுவான ஒரு திட்டத்துக்கு மாறினார்கள். வெற்றி என்று காட்ட எண் கையில் இருந்தபோதே ஓர் அரசாங்கம் நிறுத்திக்கொண்ட திட்டம் இது. வேறு யாராவது இதை மறுபடியும் தூசி தட்டி எடுக்குமுன் இந்த ஒரு விஷயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதையே மென்மையாகச் செய்வது வீட்டுக்குக் கடிதம் அனுப்புவது. பள்ளியில் எடை, உயரம் அளந்து பிஎம்ஐ கணக்குப் போட்டு, உங்கள் பிள்ளை எடை கூடியவர் என்று பெற்றோருக்கு எழுதுவார்கள். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலம் 2003இல் சட்டம் போட்டே இதைத் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் 79 பள்ளிகளில் சுமார் 28,000 மாணவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள்: கடிதம் போன பிள்ளைகளின் எடையில் மாற்றம் எதுவும் இல்லை. தங்கள் உடம்பைப் பற்றிய மனக்குறை மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தன் பிள்ளை எப்படி இருக்கிறது என்று எந்த அம்மாவுக்குத் தெரியாது? கடிதத்தில் இல்லாதது, அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கான வசதி.

அளப்பதே வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கிலாந்தில் பள்ளியில் சேரும் 4-5 வயதிலும் ஆரம்பப் பள்ளியை முடிக்கும் 10-11 வயதிலும் நாடு முழுக்க அளக்கிறார்கள். பெற்றோருக்குப் போகிற கடிதத்தால் என்ன பயன் என்று சண்டை நடக்கிறது. ஆனால் அந்த மொத்தக் கணக்கு இல்லாவிட்டால் அடுத்துச் சொல்லப்போகிற வரி வேலை செய்ததா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அரசாங்கம் தெரிந்துகொள்ள அளக்கலாம். அந்த எண்ணைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டக் கூடாது.

வரி விஷயத்தில் எல்லோரும் முதலில் சொல்வது மெக்சிகோவை. 2014 ஜனவரி 1 முதல் சர்க்கரை சேர்த்த பானத்துக்கு லிட்டருக்கு 1 பேசோ. விலை சுமார் பத்து சதவீதம் ஏறியது. முதல் வருடத்தில் விற்பனை சராசரியாக 6 சதவீதம் குறைந்தது. டிசம்பருக்குள் அது 12 சதவீதமானது. ஏழைக் குடும்பங்களில் 17 சதவீதம். ‘ஏழை வயிற்றில் அடிக்கிற வரி’ என்று கம்பெனிகள் சொன்னதும் இந்த எண்ணை வைத்துத்தான். ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பயன் என்று டாக்டர்கள் சொன்னதும் இதே எண்ணை வைத்துத்தான். எனக்கு இரண்டாவது பக்கம்தான் சரியாகப் படுகிறது, ஒரு நிபந்தனையோடு: குடிக்க நம்பகமான தண்ணீர் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை நம்ப முடியாத ஊரில் சோடா வெறும் ஆசைக்காகக் குடிப்பதில்லை. பள்ளிகளில் குடிநீர்க் குழாய் வைக்க வேண்டும் என்ற கோரிக்கை மெக்சிகோவில் வரியோடு சேர்ந்தே எழுந்தது அதனால்தான்.

மெக்சிகோ வரியில் ஒரு ஓட்டை உண்டு. லிட்டருக்கு வரி என்பதால், சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தாலும் வரி அதேதான். கம்பெனிக்கு ரெசிப்பியை மாற்ற என்ன வந்தது?

பிரிட்டன் இந்த இடத்தில்தான் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. 2016 மார்ச்சில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் வரியை அறிவித்தார். அமலுக்கு வந்தது 2018 ஏப்ரலில். நடுவில் இரண்டு வருட அவகாசம். 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரியே இல்லை. 5 முதல் 8 கிராம் வரை அப்போது லிட்டருக்கு 18 பென்ஸ், அதற்கு மேல் 24 பென்ஸ். கம்பெனிகள் கணக்குப் போட்டுப் பார்த்தன. கோட்டுக்குக் கீழே இறங்குவதுதான் லாபம். வரி வருவதற்குள்ளேயே பாதிக்கு மேல் தயாரிப்பாளர்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் உயிராக நினைக்கிற ஐர்ன்-ப்ரூ என்ற ஆரஞ்சு நிற சோடாவில் 100 மில்லிக்கு 10.3 கிராம் இருந்தது, 4.7க்கு இறங்கியது. பழைய ருசி போய்விடும் என்று மக்கள் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக வாங்கி வீட்டில் அடுக்கினார்கள். கோகோ கோலாவோ தன் பழைய ரெசிப்பியைத் தொடவில்லை, வரியைக் கட்டிக்கொண்டு போகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் கஜானாக் கணக்கு. வருடத்துக்கு 52 கோடி பவுண்டு வரும் என்று முதலில் எதிர்பார்த்தார்கள். முதல் வருடம் வந்தது 24 கோடி. வருமானம் குறைந்ததற்கு ஒரு நிதியமைச்சகம் சந்தோஷப்பட வேண்டிய அபூர்வமான இடம்.

சரி, பிள்ளைகளின் எடை குறைந்ததா? அந்தப் பள்ளி அளவுகளை வைத்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. 10-11 வயதுச் சிறுமிகளில் பருமன், வரி இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 8 சதவீதம் குறைவு. வருடத்துக்குச் சுமார் 5,200 சிறுமிகள். பையன்களிடம் இந்தக் குறைவு தெரியவில்லை. 4-5 வயதிலும் தெரியவில்லை. வரியை ஆதரிப்பவர்கள் சிறுமிகளைப் பற்றி மட்டும் பேசுவார்கள், எதிர்ப்பவர்கள் பையன்களைப் பற்றி மட்டும். இரண்டையும் சேர்த்தால், ஒரு பானத்தின் சர்க்கரையை மட்டும் குறைத்து இவ்வளவு கிடைத்ததே பெரிது. இன்னொரு குறையும் உண்டு. சர்க்கரையை எடுத்த இடத்தில் செயற்கை இனிப்பைப் போட்டார்கள். பிள்ளையின் நாக்கு அந்த இனிப்பிலேயே நிற்கிறது. எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது.

கம்பெனி தலையில் வேலையை முழுதாகக் கட்டிய நாடு என்றால் சிலி. செனட்டராக இருந்த டாக்டர் கீதோ ஹிரார்தி வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, 2012இல் சட்டம் நிறைவேறி, 2016 ஜூனில் அமலானது. சர்க்கரை, உப்பு, நிறைகொழுப்பு, கலோரி என நான்கில் எது வரம்பு மீறினாலும் பாக்கெட்டின் முகப்பில் கறுப்பு எண்கோணம் ஒன்று. நான்கும் மீறினால் நான்கு எண்கோணம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் எண்ணிப் பார்த்துவிடலாம். ஒரு கறுப்பு முத்திரை விழுந்த பொருளைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது, 14 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது, பொம்மை இலவசம் தரக் கூடாது, பெட்டியில் கார்ட்டூன் படம் போடக் கூடாது. சிலியின் கடைகளில் கெல்லாக்ஸ் சர்க்கரைச் சோளப்பொரிப் பெட்டியிலிருந்து புலி காணாமல் போனது; உள்ளே பொம்மை வைத்த கிண்டர் முட்டை கடையைவிட்டே போனது. வரம்புகளை ஒரே நாளில் இறுக்காமல் 2016, 2018, 2019 என்று மூன்று கட்டமாக இறுக்கினார்கள். முதல் கட்டம் முடிவதற்குள்ளேயே முத்திரை விழுந்த பானங்களின் கொள்முதல் சுமார் 24 சதவீதம் குறைந்தது. மெக்சிகோவின் வரி சாதித்ததைவிட அதிகம்.

எனக்கு முத்திரையைவிட முக்கியமாகப் படுவது அதன் பின்னால் இருக்கிற கயிறு. முத்திரை, பள்ளி, விளம்பரம் மூன்றும் ஒரே வரம்பில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு கிராம் கூடினால் மூன்றும் சேர்ந்து இறங்கும். இதனால்தான் கம்பெனிகள் அடித்துப்பிடித்து ரெசிப்பியை மாற்றின. ஆனாலும் சிலியின் பள்ளிப் பிள்ளைகளில் பருமன் விகிதம் சட்டென்று விழுந்துவிடவில்லை. கொரோனாக் காலத்தில் மேலேயே போனது. வாங்குவது மாறிவிட்டால் உடம்பு அடுத்த வருடமே மாறும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

முத்திரைக்குப் போட்டியாக நட்சத்திரம் என்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2014இல் கொண்டுவந்தவை: அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை, விருப்பம் இருந்தால் ஒட்டலாம். கெட்டதற்கு மார்க் குறையும், நார்ச்சத்து, புரதம், பழம் என்று நல்லது சேர்த்தால் மார்க் ஏறும். இதில் என்ன நடந்தது என்பதற்கு, பாலில் கலக்கிக் குடிக்கிற நெஸ்லேயின் மைலோ பொடி டின் ஒன்று போதும். டின்மேல் 4.5 நட்சத்திரம் இருந்தது. எப்படி? கொழுப்பு நீக்கிய பாலில் கலக்கிக் குடித்தால் வருகிற மார்க் அது. டின்னுக்குள் இருக்கிற பொடிக்கு மட்டும் பார்த்தால் 1.5தான். கண்டனம் வலுத்த பிறகு 2018இல் நெஸ்லே அந்த நட்சத்திரத்தை எடுத்தது. சிங்கப்பூர் நடுவழியில் போனது: 2022 டிசம்பர் முதல் பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம், டி வாங்கிய பானத்துக்கு விளம்பரம் கிடையாது. அடுத்த வருடம் கடையில் கலக்கித் தருகிற தே, கோப்பிக்கும் அது வந்துவிட்டது. டாஃப் காலத்தில் பிள்ளையை ஓடவிட்ட அதே நாடு, இப்போது பாட்டிலுக்கு மார்க் போடுகிறது.

ஜப்பானைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. பணக்கார நாடுகளில் குழந்தைப் பருமன் மிகக் குறைவாக இருக்கிற இடம். அவர்கள் தொடங்கியது பருமனுக்காக இல்லை. போருக்குப் பிந்தைய பசிக்காக. பள்ளி மதிய உணவுச் சட்டம் 1954இல் வந்தது. இன்று கிட்டத்தட்ட எல்லா ஆரம்பப் பள்ளிகளிலும் மதிய உணவு உண்டு, வீட்டிலிருந்து டிபன் டப்பா கிடையாது. 2005இல் உணவுக் கல்விக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். சத்துணவு ஆசிரியர் என்று ஒரு பணியிடமும் உருவானது.

ஒரு வகுப்பில் மதியம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பிள்ளைகள் சாப்பிடுமுன் தலைமையாசிரியர் சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும், இது விதி. மணி அடித்ததும் அன்றைய முறைக்காரப் பிள்ளைகள் வெள்ளை மேலங்கி, தொப்பி, முகமூடி போட்டுக்கொண்டு தள்ளுவண்டியில் பாத்திரங்களை வகுப்புக்கே கொண்டுவருகிறார்கள். சோறு, சூப், மீனோ இறைச்சியோ ஒரு துண்டு, காய்கறி, 200 மில்லி பால். பரிமாறுவதும் பிள்ளைகளே. ஆசிரியர் உட்பட எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, அவரும் வகுப்பிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார். மாதத்தின் பட்டியல், கலோரி கணக்கோடு, முன்கூட்டியே வீட்டுக்குப் போய்விடும். ஒல்லியான பிள்ளைக்கும் குண்டான பிள்ளைக்கும் தனித்தட்டு இல்லை. பள்ளிக்குள் கூல்டிரிங்க்ஸ் மெஷின் கிடையாது. வரும்போதும் போகும்போதும் பெரும்பாலான பிள்ளைகள் நடக்கிறார்கள். இதில் எதுவுமே ‘எடை குறைப்புத் திட்டம்’ என்று பெயர் எழுதிக்கொண்டு வருவதில்லை.

குறை? நாள் ஆகும், பணம் ஆகும். வெளிநாட்டு நிபுணர்கள் நாலு நாள் டூர் போய்ப் பார்த்துவிட்டு அப்படியே பெயர்த்துக் கொண்டுவரக்கூடியது இல்லை. இன்று தொடங்கினால் பலன் பார்க்கப் பத்து இருபது வருடம்.

ஆம்ஸ்டர்டாமைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2013இல் நகரசபை தொடங்கிய திட்டம். பள்ளிக்கு ஜூஸ் கொண்டுவரக் கூடாது, தண்ணீரும் பாலும் மட்டும். செவிலியர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள். தூக்கத்தையும் கணக்கில் எடுத்தார்கள். எடை கூடிய பிள்ளைகள் 2012இல் 21 சதவீதம், 2015இல் 18.5. இதில் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் விவாதம் உண்டு. நல்ல திட்டம்தான், ஆனால் ஒரு பிள்ளைக்காக ஒரு செவிலியர் பலமுறை வீட்டுக்குப் போக முடிகிற ஊருக்கான திட்டம். நம் ஊரில் ஒரு கிராமச் சுகாதாரச் செவிலியரின் தலையில் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் இதை உடனே பரிந்துரைக்க மாட்டார்கள்.

அப்புறம் நமக்கு எது? தமிழ்நாட்டு அரசு இன்றைக்கு முடிவெடுக்க வேண்டும் என்றால், ஜப்பானின் பாதியளவு ஏற்கெனவே கையில் இருக்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சமையல் கூடம் இருக்கிறது, சத்துணவு அமைப்பாளர் இருக்கிறார், சமையலர் இருக்கிறார், தட்டில் முட்டை இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவும் சேர்ந்துவிட்டது. இங்கே செய்ய வேண்டியது புதிய திட்டம் இல்லை. தட்டில் சோறு குறையாமல் காயும் பயறும் கூடுவதற்கான பணம். எடை குறைந்த பிள்ளைக்கும் எடை கூடிய பிள்ளைக்கும் ஒரே தட்டு சரிவரும் என்பது இந்த வழியின் பெரிய பலம்.

ஆனால் ஒரு சங்கடம். சத்துணவு சாப்பிடுவது அரசுப் பள்ளிப் பிள்ளை. நகரங்களில் பருமன் அதிகம் தெரிவது தனியார் பள்ளிகளில். அந்தப் பிள்ளையின் மதியம் டிபன் பாக்ஸிலும் கேண்டீன் பப்ஸிலும், சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும் பேக்கரியிலும் இருக்கிறது. சத்துணவு எவ்வளவு மேம்பட்டாலும் அவனைத் தொடாது. அங்கே வேண்டியது சிலியின் கயிறு. பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை கூடிய பொருள்களை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2020இலேயே விதி போட்டுவிட்டது. பெட்டிக்கடைக்காரர் எந்தப் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைப்பார்? பாக்கெட்டின் முகத்தில் ஒரு அடையாளமும் இல்லையே. முத்திரை இல்லாமல் 50 மீட்டர் விதியை அமல்படுத்த முடியாது, அதிகாரிக்கும் சரி, கடைக்காரருக்கும் சரி. 2022இல் எஃப்எஸ்எஸ்ஏஐ வரைவாக முன்வைத்ததோ நட்சத்திரம். மைலோ டின்னுக்கு நடந்ததைப் பார்த்தபிறகும் நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு காரணம்தான் எனக்குத் தெரிகிறது: கம்பெனிகளுக்கு அது பிடித்திருக்கிறது. நான் எண்கோணத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

வரியைப் பற்றி மாநிலம் தனியாக முடிவெடுக்க முடியாது. கேரளா 2016இல் பிராண்ட் உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதம் வரி போட்டது. அடுத்த வருடம் ஜிஎஸ்டி வந்ததும் அது அதற்குள் கரைந்துவிட்டது. இப்போது ஜிஎஸ்டியில் இருப்பது என்ன? 2025 செப்டம்பர் 22 முதல் கேஸ் அடைத்த இனிப்புப் பானம் எல்லாவற்றுக்கும் 40 சதவீதம். சர்க்கரையே இல்லாத கோலாவுக்கும் 40, சர்க்கரை நிறைந்த கோலாவுக்கும் 40. அதே தேதியில் கேஸ் இல்லாத பழச்சாறு பானத்துக்கு 12லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் 18லிருந்து 5. பிள்ளைகள் பத்து ரூபாய்க்கு வாங்கி உறிஞ்சுகிற மாம்பழப் பானத்தின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பல பிராண்டுகளில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை. பிரிட்டனில் அது மேல் தட்டு வரியில் விழும். இங்கே ஐந்து சதவீதம். நாம் வரி போடுவது குமிழிக்கு, சர்க்கரைக்கு இல்லை. இதைத் திருத்தப் புது வரி எதுவும் வேண்டாம். ஜிஎஸ்டி கவுன்சில் ஒரு கூட்டத்தில், பானத்தின் வரியை 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில் மாற்றி எழுதி, இரண்டு வருட அவகாசம் கொடுத்தால் போதும்.